பிள்ளை கேசினோப் பயிற்சிக்குப் போனான், என் நிம்மதியும் கூடவே போனது

லேக் சார்ல்ஸ்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மாறாத என் எர்லீன் அக்காவுக்கு, உன் தம்பி எல்ரே எழுதுவது. ஆண்டவர் கிருபையாலும் மாதாவின் மன்றாட்டாலும் நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம். நீயும் டட்லி அத்தானும் அங்கே போமான்ட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் இருவரில் ஒருவராவது சுகமாக இருந்தால்தான் இந்தக் கடிதத்தை முழுக்க வாசிக்க முடியும். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மழை வருவதை டிவிக்காரனுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. நீ அனுப்பிய அத்திப்பழ ஜாம் வந்து சேர்ந்தது, வெர்லி உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். டட்லி அத்தானுக்கு என் வணக்கங்கள். போன கோடையில் அவர் எடுத்துப் போன என் தூண்டிலைப் பற்றி இந்த நேரத்தில் பேச எனக்கு மனமில்லை, அவர் நிதானமாகவே திருப்பித் தரட்டும்.

நான் எழுதுவது நோலனைப் பற்றி. என் பிள்ளையைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவேன். புயலில் அவன் வேலை பார்த்த படகு எஞ்சின் கடை கூரையோடு பறந்து போனதிலிருந்து அவனுக்கு வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும். கடை முதலாளி டென்னசிக்குப் போய்விட்டார், கூரையும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் போனது. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக என் பிள்ளை எங்கள் வீட்டு சோபாவில்தான் குடியிருந்தான். வேலை கேட்டுப் போய், கேட்டுப் போய், 'பார்த்துச் சொல்றோம்' என்று அனுப்பி அனுப்பி, கடைசியில் அவன் கேட்பதையே நிறுத்திவிட்டான். இருபத்து நாலு வயசுப் பையன் மதியம் எழுந்து, ஃபேனைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பதை எந்தத் தகப்பன் தாங்குவான் சொல். அந்த சமயத்தில்தான் வெர்லி கோயிலிலிருந்து ஒரு துண்டுத்தாள் கொண்டுவந்தாள். வேலையில்லாத இளைஞர்களுக்குக் கேசினோ வேலைக்கு இலவசப் பயிற்சி, ஏழு வாரம், முடிவில் ஏரிக்கரைக் கேசினோக்காரர்களே வந்து ஆடிஷன் வைத்து ஆள் எடுப்பார்கள் என்று போட்டிருந்தது. பழைய மெத்தைக் கடையில் வகுப்பு. நோலன் போனான். முதல் நாள் காலை எட்டு மணிக்கு அவன் தலை வாரிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது நான் காலியான சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நடுவில் பள்ளம் விழுந்திருந்தது, எழுந்திருக்க வெர்லி கை கொடுக்க வேண்டியதாயிற்று, அது வேறு விஷயம்.

அந்த சந்தோஷம் எத்தனை நாள் என்கிறாய். முதல் வாரமே சாப்பாட்டு மேசை போய்விட்டது. வீட்டில் சீட்டுப் போட்டுப் பழக வேண்டும் என்று அதன்மேல் ஒரு பச்சைத் துணியை விரித்துக் குண்டூசி குத்திவிட்டான். அதன்மேல் தட்டு வைக்கக் கூடாது, முழங்கை வைக்கக் கூடாது, தும்மக் கூடாது. நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம், என் முழங்காலோடு. இது போதாதென்று கையிலிருந்து கைக்கு எதையும் வாங்க மாட்டேன் என்கிறான். சீட்டுப் போடுகிறவன் ஆட்டக்காரன் கையிலிருந்து நேராக எதையும் வாங்கக் கூடாதாம், மேசைமேல் வைத்தால்தான் எடுக்கலாமாம், மேலே இருக்கிற கேமராவுக்கு எல்லாம் தெரிய வேண்டுமாம். சரி, அது அங்கே. வீட்டில் என்ன கேமரா? இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு ஒரு கிண்ணம் கம்போக் குழம்பை அவனிடம் நீட்டினேன். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"மேசை மேல வைங்கப்பா."

"மேசைலதான் உன் பச்சைத் துணி கிடக்கே. அதுல எதையும் வைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"ஆமால்ல," என்று யோசிக்க ஆரம்பித்தான் அக்கா. நின்று, நிதானமாக, முகவாயைத் தடவிக்கொண்டு யோசித்தான். நான் கொதிக்கிற கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறேன். "ஸ்டூலை எடுத்துட்டு வரட்டா?" என்று அவன் ஒரு முடிவுக்கு வந்தபோது கிண்ணம் ஏற்கெனவே தரையில் இருந்தது. நாய்க்கு அன்றைக்கு விருந்து. எனக்கு இரண்டு விரல் கொப்புளம்.

அடுத்தது ஹுபேர் சித்தப்பாவின் அடக்கம். இடுப்பு வலியால் நீ வர முடியவில்லை, அதனால் அங்கே நடந்தது உனக்குத் தெரியாது, வேறு யாராவது சொல்லித் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கேசினோவில் சீட்டுப் போடுகிறவர்களுக்குப் பாக்கெட் இருக்கக் கூடாது, பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடுகிற டோக்கனை உள்ளே நழுவ விட்டுவிடுவார்களோ என்று பயம். அதனால் வகுப்புக்குப் போடும் கறுப்புக் கால்சட்டையில் பாக்கெட் வாயை எல்லாம் தைத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். வெர்லி தைத்தாள். துணிக்கூடையில் கிடந்த எல்லாக் கறுப்புக் கால்சட்டையையும் தைத்தாள். என்னிடம் இருப்பதே ஒன்றுதான், கல்யாணத்துக்கும் சாவுக்கும். கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சாவியைப் போடப் பார்க்கிறேன், கை உள்ளே போகவில்லை. இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், பின்னாலும் பார்த்தேன், எல்லா வாயும் மூடியிருந்தது. வெர்லியின் தையல் எப்படி என்று உனக்குத் தெரியும், இழுத்தால் துணி கிழியும், தையல் பிரியாது. இடது கையில் ஜெபமாலை, கைக்குட்டை, மூக்குக் கண்ணாடி. வலது கையால் பெட்டியைத் தூக்க வேண்டும், தூக்குகிற ஆறு பேரில் நானும் ஒருவன். சாவியை எங்கே வைப்பேன்? பல்லில் கடித்துக்கொண்டேன். கோயில் வாசலிலிருந்து கல்லறைக் குழி வரைக்கும் கடித்துக்கொண்டே நடந்தேன். எச்சில் விழுங்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ஓசீட் சித்தி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எல்ரே, பெத்த பிள்ளைங்ககூட இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு அழலியேடா" என்று கதறிவிட்டாள். வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். இன்றைக்கும் ஊரில் என்னைப் பற்றி மிக உயர்வாகப் பேசிக்கொள்கிறார்கள், அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அதற்கடுத்த ஞாயிறு பூசையில் நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். சிரிக்காதே. சீட்டுப் போடுகிறவர்கள் மேசையை விட்டு நகரும்போது கையை ஒருதரம் மெல்லத் தட்டி, விரலை விரித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் மேலே கேமராவுக்குக் காட்ட வேண்டும். கையில் எதையும் எடுத்துப் போகவில்லை என்பதற்கு அத்தாட்சி. இதை மட்டும் அரை நாள் பழக்கினார்களாம், தூக்கத்தில்கூட வர வேண்டும் என்று. வருகிறது. தூக்கத்தில் வருகிறது, குளியலறைக் கதவைத் திறந்து வெளியே வரும்போது வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நம் மெலான்சான் சாமியார் கையில் நற்கருணையை வைத்தார், நோலன் பக்தியோடு வாயில் போட்டுக்கொண்டான், 'ஆமென்' என்றான், அடுத்த நிமிஷம் பீடத்துக்கு எதிரே நின்று கையைத் தட்டி, விரித்து, திருப்பி, கூரைக்குக் காட்டிவிட்டு நடையைக் கட்டினான். பூசை முடிந்து வாசலில் சாமியார் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, அது என்ன புது வணக்கம்?"

"பழக்க தோஷம் ஃபாதர். மேல இருக்கிற கேமராவுக்குக் காட்டறது."

"மேல இருக்கிறவருக்குக் கேமரா எதுக்குப்பா," என்றார் சாமியார். அத்தோடு விட்டுவிட்டார், நல்ல மனுஷன். ஆனால் ஊர் விடவில்லை. மறு ஞாயிறு ஓசீட் சித்தியும் அவளோடு முன் வரிசையில் உட்காரும் பாட்டிமார்களும் நற்கருணை வாங்கிக்கொண்டு, கையைத் தட்டி, விரித்து, திருப்பிக் காட்டிவிட்டுப் போகிறார்கள். கேட்டால், 'வெறுங்கையோட வந்தோம், வெறுங்கையோட போறோம்னு அர்த்தம், நோலன் தம்பிதான் கத்துக் கொடுத்துச்சு, என்ன பக்தி அந்தப் பிள்ளைக்கு' என்கிறார்கள். சாமியார் இப்போது என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன் அக்கா. உண்மையைச் சொல்கிறேன், பொறுத்துக்கொண்டேன். பையன் விடியற்காலையில் எழுந்திருக்கிறான், முகம் மழிக்கிறான், எதிலோ குறியாக இருக்கிறான், மேசை போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். என்னைக் கவிழ்த்தது இதன் பிறகு வந்தது.

ஐந்தாவது வாரம் பயிற்சிக்கு ஆட்டக்காரர்கள் வேண்டும், வீட்டுப் பெரியவர்கள் வந்து மேசையில் உட்காருங்கள், டோக்கன் நாங்கள் தருகிறோம், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் வெர்லியும் போனோம். மெத்தைக் கடையில் இன்னும் 'முதுகு வலிக்கு விடை கொடுங்கள்' என்ற விளம்பரம் சுவரில் இருக்கிறது, அதன் கீழே வரிசையாக மேசைகள். அங்கே பயிற்சி கொடுக்கிற அம்மாள் பெயர் மிஸ் வெனெட்டா. கேசினோவில் சீட்டுப் போட்டே தலை நரைத்தவள், சிகரெட்டில் வெந்த குரல், பார்த்தாலே நமக்கு முதுகு நிமிர்ந்துவிடும். அவள் ஆளாளுக்கு ஒரு வேஷம் கொடுத்தாள். வெர்லிக்கு ஆட்டம் தெரியாத நல்ல அம்மா வேஷம். பக்கத்து வீட்டு டார்பனுக்கு அடுத்தவன் சீட்டை எட்டிப் பார்க்கிற ஆள் வேஷம். எனக்கு, தோற்றுப்போன ஆத்திரத்தில் கத்துகிற ஆள் வேஷம்.

"எனக்கு நடிக்கவெல்லாம் வராதும்மா," என்றேன்.

"நீங்க வாசல்ல வண்டியை நிறுத்தும்போதே பார்த்தேன் சார்," என்றாள் மிஸ் வெனெட்டா. "இடம் சரியில்லன்னு ஒரு கம்பத்தோட சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க. நீங்க நீங்களாவே இருங்க, போதும்."

நோலன் மேசையிலேயே உட்கார வைத்தாள். முதலில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. 'என்ன தம்பி இது, சீட்டு சரியில்லையே' என்று பூனை மாதிரி முனகிக்கொண்டிருந்தேன். பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்புறம் என்னிடம் பதினாறு வந்தது. சீட்டைக் கூட்டினால் இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அதுதான் ஆட்டம். அவனிடம் ஏழு தெரிகிறது. இன்னொன்று போடு என்றேன். பத்தைப் போட்டான். இருபத்தாறு. என் டோக்கனை வழித்து எடுத்துக்கொண்டான், என் சொந்தப் பிள்ளை, முகத்தில் ஒரு வருத்தம் கிடையாது. அந்த டோக்கன் ஒரு சல்லிக்குப் பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் வயிறு எரிந்தது. "உனக்குக் கண்ணு இருக்கா, இல்ல அதையும் சோபாவுலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டேன்.

"அடுத்த கை உங்களுக்கு நல்லா அமையட்டும் சார்," என்றான்.

சார். இருபத்து நாலு வருஷம் என் தலைமேல் ஏறி மிதித்தவன் என்னை சார் என்கிறான். அந்த ஒரு வார்த்தையில் எனக்குள் இருந்த அணை உடைந்துவிட்டது. "சாரா? யாருக்குடா சாரு?" என்று ஆரம்பித்தேன், அதன் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. "ரெண்டு வருஷமா மல்லாந்து கிடந்தப்ப நான் சார் இல்லியா? புல்லை வெட்டுடான்னா காது கேக்காது, குப்பையை வெளில வைடான்னா கால் வராது, உன்கூடப் படிச்சவன்லாம் ஆலையில சேர்ந்து வீடு கட்டிட்டான், நீ என் ஃபேன் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணிக்கிட்டிருந்த. உங்க அம்மா ராத்திரியெல்லாம் தூங்காம கிடக்கறா, உனக்குத் தெரியுமாடா?" முதலில் எல்லாரும் கைதட்டினார்கள், நான் பிரமாதமாக நடிக்கிறேன் என்று. பிறகு கைதட்டல் நின்றது. வெர்லி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள், நல்ல காலைத்தான் மிதித்தாள், அதுவரைக்கும் அவளுக்கு நன்றி. நோலன் முகம் கழுத்திலிருந்து சிவந்துகொண்டே மேலே ஏறியது. இதோ கத்தப்போகிறான், சீட்டை என் மூஞ்சியில் விசிறப்போகிறான் என்று நான் தயாராக இருந்தேன், வீட்டில் அப்படித்தான். அவன் ஒரு மூச்சு இழுத்துவிட்டான். உதட்டில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டான்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது சார். தொடர்ந்து விளையாடறீங்களா, இல்ல கொஞ்சம் ஓய்வெடுத்துக்கறீங்களா? குடிக்க ஏதாவது கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"தண்ணி," என்றேன். தண்ணி வந்தது. குடித்தேன். எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சுவரில் இருந்த மெத்தை விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். மிஸ் வெனெட்டா வந்து என் தோளைத் தட்டி, "இத்தனை வருஷத்துல இந்த மாதிரி ஒரு மோசமான ஆட்டக்காரரை நான் பார்த்ததே இல்ல சார், தயவு செய்து தினமும் வாங்க" என்றாள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். நான் அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. நோலன் இப்போது என்னோடு சண்டை போடுவதில்லை. போன வாரம் வேலிக்கதவைத் திறந்து போட்டுவிட்டான், நாய் ஓடிப்போய் டார்பன் வீட்டுக் கோழியில் வாய் வைத்துவிட்டது, நான் தெருவே கேட்கக் கத்தினேன். "உங்க வருத்தம் புரியுதுப்பா, இனிமே பார்த்துக்கறேன்," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். முன்னாளில் நான் ஒன்று சொன்னால் அவன் இரண்டு சொல்வான், என் வயதை இழுப்பான், என் மீசையை இழுப்பான், நான் அவன் மண்டையை இழுப்பேன், எனக்கும் ரத்தம் ஓடும். இப்போது ஒரு வாடிக்கையாளரைப் போல என்னை நடத்துகிறான். வெர்லியிடம் சொன்னால், "ஊர்ல எல்லாரும் பிள்ளை எதுத்துப் பேசறான்னு அழுவாங்க, நீங்க எதுத்துப் பேசலன்னு அழறீங்க, உங்களை வச்சு நான் என்னதான் பண்றது" என்று போய்விட்டாள். அவளுக்குப் புரியவில்லை. அன்றைக்கு நான் சொன்னது அவனுக்கு வலித்ததா, மன்னித்தானா, மன்னிக்கவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என் பிள்ளை இருக்கிறானா என்றே தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. கேட்டால், வருத்தம் புரிகிறது என்று சொல்லிவிடுவான்.

இன்று மதியம் ஆடிஷன். கேசினோக்காரர்கள் வந்து அவன் மேசையில் உட்காரப் போகிறார்கள். இப்போது அவன் குளியலறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று 'நல்வரவு சார், நல்வரவு மேடம்' என்று சொல்லிப் பார்க்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. இதுவும் கையை விட்டுப் போனால் அவன் மறுபடி அந்த சோபாவில் விழுவான், இந்தத் தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டான், எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். கிடைத்துவிட்டாலோ, நான் சாகிற வரைக்கும் என்னைப் பார்த்து அப்படியே சிரித்துக்கொண்டிருப்பான். எப்படிப் பார்த்தாலும் எனக்குத்தான் கஷ்டம். நேற்று முழுக்க யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆகவே அக்கா, உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், டட்லி அத்தானின் பம்ப் வாடகைக் கடையில் நோலனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்கச் சொல். துரு தேய்க்கிற வேலையானாலும் சரி, லாரியில் ஏற்றி இறக்குகிற வேலையானாலும் சரி. உங்களோடு போமான்ட்டில் இருக்கட்டும். அங்கே அவன் யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டியதில்லை, அத்தான் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்து யாரும் சிரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் கேட்டதாகச் சொல்லாதே, நீயாகக் கேட்டது போல் கேள். இந்த உதவி எவ்வளவு பெரிய புண்ணியம் என்று அத்தானுக்கு எடுத்துச் சொல். ஆடிஷன் என்ன ஆனாலும் சரி, உன் பதில் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே அவனைக் கொண்டுவந்து விடுகிறேன்.

உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, பாரம் தூக்காதே. பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். டட்லி அத்தானின் ரத்தக் கொதிப்பு இறங்கவும், உன் வீட்டில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கவும் மாதாவை வேண்டிக்கொள்கிறோம். எங்களுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, பெரியதாக ஏற்று.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் தம்பி,
எல்ரே

பி.கு.: தபாலில் போட உறையை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். மாலை ஆகிவிட்டது. நோலன் தேறவில்லை.

மிஸ் வெனெட்டா போன் பண்ணினாள். சீட்டுப் போட்டதில் ஒரு குறை இல்லையாம், கணக்கில் ஒரு தப்பு இல்லையாம், கேசினோக்காரர்களே ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்களாம். கடைசியில் அவர்களில் ஒருவன், சோதிக்கத்தான், சண்டைக்கார ஆட்டக்காரன் போல ஆரம்பித்திருக்கிறான். நீ ஒரு மக்கு என்றானாம், நோலன் சிரித்தான். உன் கையைப் பார், கோடாலிக்காம்பு என்றானாம், சிரித்தான். "உன்ன மாதிரி ஒரு தண்டத்தைப் பெத்தவன் எப்பேர்ப்பட்ட தண்டமா இருப்பான், அவனும் எங்கயாவது மல்லாந்து கிடக்கறானா?" என்று கேட்டானாம். நோலன் சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்துவிட்டானாம். சிரிப்பு போய்விட்டதாம்.

"என்னைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க சார். எங்கப்பாவைப் பத்திப் பேசாதீங்க. அரிசி ஆலை பாய்லர் முன்னாடி முப்பது வருஷம் வெந்த மனுஷன் அவரு. அவரைத் திட்டறதுக்கு இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை, அது நான்."

அத்தோடு ஆடிஷன் முடிந்தது. "அவனை மாதிரி கை சுத்தமான பையன் இந்த வகுப்புல இல்ல சார், ஒரு வார்த்தையில கெடுத்துக்கிட்டான்" என்று மிஸ் வெனெட்டா மூக்கை உறிஞ்சினாள். நானும் இந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனில் மூக்கைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தோம். பிறகு பையன் வந்தான். வந்ததும் வராததுமாக நான் பிடித்துக்கொண்டேன், "ஏண்டா, அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான், எனக்காக உன் வேலையை ஏண்டா கெடுத்துக்கிட்ட, புத்தி இருக்கா உனக்கு" என்று. "உங்களுக்காக எவனாவது பேசுவானா, நான் ஒரு முட்டாள் பேசினேன் பாருங்க, இந்த வீட்ல எது செஞ்சாலும் தப்பு, நீங்களும் உங்க மீசையும்" என்று அவன் கத்தினான், நான் கத்தினேன், அவன் கதவை அறைந்து சாத்தினான், சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படம் கோணிக்கொண்டது. எவ்வளவு நாளாயிற்று அக்கா. அரை மணி கழித்து வெளியே வந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான். இப்போது நின்றுகொண்டே சாப்பிடுகிறான்.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. டட்லி அத்தானிடம் எதுவும் கேட்காதே, கேட்டுத் தொலைத்திருந்தால் இடம் இல்லை என்று சொல்லச் சொல். அடுத்த மாதம் புது வகுப்பு தொடங்குகிறது, நோலனை மறுபடி சேர்த்துக்கொண்டு கேசினோக்காரர்களிடம் இன்னொரு தரம் நிறுத்துகிறேன் என்கிறாள் மிஸ் வெனெட்டா. அவனும் போகிறேன் என்று சொல்லிவிட்டான். ஒரே ஒரு நிபந்தனை. நான் தினமும் வந்து அவன் மேசையில் உட்கார்ந்து, அவன் அப்பாவைத் திட்ட வேண்டும். அவனுக்கு மரத்துப்போய்ச் சிரிப்பு வருகிற வரைக்கும் திட்ட வேண்டும். நான் ஒத்துக்கொண்டேன். இன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் தனியாக நின்று திட்டிப் பார்த்தேன், இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. என்னிடம் அப்படி என்ன குறை என்றுதான் எனக்குத் தெரியவில்லை. டட்லி அத்தான் என்னைப் பற்றி உன்னிடம் சொல்வதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி உடனே அனுப்பு.